வெர்லன் டீக்கின் புல்வயலில் முள்செடி

எல்பர்ட் டீக்கின் நாலாவது மகன் வெர்லனுக்கு அந்த ஆகஸ்ட் மாதம் எதைப் பார்த்தாலும் எரிச்சல். இருபது ஏக்கர் புல் அறுப்புக்குத் தயாராக நிற்கிறது. சனிக்கிழமை ஹாயில் ஸ்டிரவுட் வந்து வயலில் நடந்து பார்ப்பார். பதினோரு குதிரைகளை வைத்திருப்பவர். வயல் சுத்தமாக இருந்தால் மொத்தப் புல்லும் அவருக்கே. ஆகாத செடி கண்ணில் பட்டால் டிரக்கைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். வயல் முழுக்கவோ முள்செடி!

ஆறு வருஷத்துக்கு முன்னால் வாய்க்காலோரம் நாலே நாலு செடிதான் இருந்தது. வெர்லனின் மனைவி ஒலெட்டாவின் அண்ணன் டிவிட் வந்து பார்த்தான்.

"ஒரு வருஷத்துச் செடி மச்சான். காய் பழுக்குறதுக்குள்ள உழுது விடு. பனி விழுந்தா செத்துப்போவும்."

வெர்லனும் வருஷா வருஷம் புல் விதைக்குமுன் வட்டத் தட்டுகள் வைத்த சட்டிக்கலப்பையை மூன்று ஓட்டு ஓட்டினார். மாமனார் விட்டுப்போன கலப்பை அது. வெர்லன் வயலிலிருந்து டிவிட் வயலுக்கு, அங்கிருந்து டிவிட்டின் சம்பந்தி வயலுக்கு என்று சுற்றும். கழுவிக் கொடுத்தால், "என்ன, எங்களை அன்னியமா நெனச்சிட்டியா?" என்று கோபித்துக்கொள்ளும் குடும்பம். அதனால் மண்ணோடுதான் போகும், மண்ணோடுதான் வரும்.

வியாழக்கிழமை விவசாய ஆபீஸிலிருந்து ரொவீனா வந்தாள். வெர்லனின் பெரியம்மாவுக்கு மகள் வயிற்றுப் பேத்தி. ஓர் இலையைக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினாள்.

"என்ன வாசனை மாமா?"

"உருளைக்கிழங்கு இலை மாதிரி இருக்கு."

"பூவைப் பாருங்க."

வெளிர் ஊதா, அஞ்சு முனை நட்சத்திரம், நடுவில் மஞ்சள். கத்தரிப்பூவேதான். இலையின் நடுநரம்பில் முள். தர்பூசணிப் பிஞ்சு போலக் கோடு போட்ட பச்சைக்காய். கத்தரி, தக்காளிக்கெல்லாம் பங்காளி. ஆனால் விஷப் பங்காளி.

"இப்ப தோண்டுங்க."

இரண்டு மண்வெட்டி ஆழம் போயும் வேர் முடியவில்லை. விரல் கனத்தில் பக்கவாட்டில் ஓடி, பட்டென்று ஒடிந்தது.

"மேல செத்தாலும் வேர் சாகாது மாமா. ஒடிஞ்ச துண்டு ஒவ்வொண்ணும் தனிச்செடியா வரும். உழுதீங்களா?"

வெர்லன் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆறு வருஷம், வருஷத்துக்கு மூன்று ஓட்டு. தானே நறுக்கி, தானே நட்டிருக்கிறார்.

சனிக்கிழமை ஹாயில் டிரக்கைவிட்டு இறங்குமுன்பே வெர்லன் ஒரு செடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது வயல் பூரா இருக்குப்பா."

"காஞ்சாலும் இதுல விஷம் போகாது, வெர்லன். என் குதிரைக்கு ஆகாது. சொன்னியே, அதுவரைக்கும் சந்தோஷம்." டிரக் திரும்பிப் போயிற்று.

சாயங்காலமே டிவிட் டிராக்டரோடு வந்து நின்றான்.

"மச்சான், எனக்கும் அந்த முள்ளு பாதி வயலுக்கு வந்துடுச்சு. கலப்பையைக் குடு, ஒரே ஓட்டுல ஒழிச்சிடறேன்."

"அதை ஓட்டி ஓட்டித்தான்டா ரெண்டு பேர் வயலும் நாசமாப் போச்சு!"

"யார் சொன்னா, ரொவீனாவா? அவ டயப்பர்ல இருந்தப்பவே நான் வயல்ல நின்னவன்!" கொட்டகைக்குள் போனவன் கத்தினான். "கலப்பையை மாட்டுற கொக்கி ஆணி எங்க மச்சான்?"

"என் பையில."

"எடு."

"மாட்டேன். மொதல்ல கலப்பையைக் கழுவு."

டிவிட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "கழுவணுமா? நான் என்ன, வெளியாளா?"

வெர்லன் குழாயைத் திறந்து, தானே கலப்பையின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார். தட்டுகளின் இடுக்கிலிருந்து மண்ணோடு ஒரு வேர்த்துண்டு வந்து விழுந்தது. அதன் நுனியில் பச்சையாக ஒரு முளை.

அதைப் பார்த்தும் டிவிட் டிராக்டரில் ஏறிப் போனான். வேறு யாரிடமாவது கலப்பை கேட்கத்தான் போகிறான் என்று வெர்லனுக்குத் தெரியும்.