எப்பவாவது ஏறுகிறவள்

முட்டை இடுவதை நிறுத்திய கோழிகளைக் கறிக்கடைக்கு ஏற்றி அனுப்புகிற பிளாஸ்டிக் கிரேட்டைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் புது ஜீப்பில் ஏற எனக்குக் கிடைத்த படி அதுதான். அதைக் கதவோரம் போட்டு, மேலே நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலிக்குப் பல்லைக் கடித்தபடி உள்ளே ஏற வேண்டும். என் வீட்டுக்காரர் இன்ஜினை ஓடவிட்டு நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் ஏறிய பிறகு முனகிக்கொண்டே இறங்கி வந்து, கிரேட்டை எடுத்துப் பின்னால் எறிவார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும்.

போன மழையில் எங்கள் பழைய கார் புதுச்சத்திரத்திலிருந்து எங்கள் கோழிப்பண்ணைக்குப் போகும் மண்தடத்தில் புதைந்து நின்றது. அதையே சாக்காக வைத்து, நாலு சக்கரமும் இழுக்கிற இந்த உயரமான வண்டியை வாங்கினார். என்னிடம் கேட்டது நிறத்தை மட்டும்தான். நான் வெள்ளை என்றேன். கறுப்பு வந்தது.

பண்ணைக்குத் தினமும் போகிறவள் நான். தீவனத்துக்கு வருகிற மக்காச்சோளத்தில் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று அள்ளி முகர்ந்து பார்க்கிறவள் நான். கோழி தண்ணீர் குடிக்கிற குழாய் எங்கே அடைத்திருக்கிறது, எந்தக் கொட்டகையில் முட்டை குறைகிறது என்று நடந்து நடந்து பார்த்துத்தான் இந்த முழங்காலே போனது. அவர் முட்டை வியாபாரிகளிடம் போனில் பேசுவார். அதுவும் வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் கிரேட் நழுவிவிட்டது. கதவைப் பிடித்துத் தொங்கினேன். விழவில்லை. அவர் இறங்கி வந்து என்னைத் தூக்கிவிடுவார் என்று பார்த்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "இத்தன சிரமப்பட்டு என்னத்துக்கு வர்ற? நீ ஊட்டுலயே இரு. நான் பாத்துட்டு வாரேன்."

"ஏனுங்க, ஒரு படி வெச்சா முடியற சமாச்சாரம். அதுக்கு நான் ஊட்டுல உக்காரோணுமா?" என்றேன். அன்றைக்கே சேலத்துக்குப் போக வைத்தேன்.

வண்டிக்கு உதிரிச் சாமான் மாட்டுகிற கடை. கடைக்காரர் இரண்டு விதம் காட்டினார். ஒன்று சைடு ஸ்டெப். கதவுக்குக் கீழே தாழ்வாகத் தொங்கும் பலகை, கால் வைத்து ஏறுவதற்கென்றே உள்ளது. இன்னொன்று ராக் ஸ்லைடர். வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்குகிற கனத்த இரும்புக் குழாய். மலைத்தடத்தில் பாறை உரசினால் வண்டியின் வயிற்றைக் காப்பாற்றும். உயரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் என் காலுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

என் வீட்டுக்காரர் அந்தக் குழாயைத் தடவித் தடவிப் பார்த்தார். புது மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

"மலைக்கெல்லாம் போவீங்களாங்க சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"போலாம்னு ஒரு ஐடியா இருக்குதுங்க."

எந்த மலைக்கு? இந்த வண்டி இதுவரை ஏறிய உயரம் பைபாஸ் மேம்பாலம். எங்கள் பக்கத்துப் பாறையெல்லாம் கிரஷருக்குப் போய் ஜல்லியாகி எவர் வீட்டுக் கான்கிரீட்டிலோ கிடக்கிறது. இவர் வண்டியை உரசுவதற்குப் பாறையை எங்கே போய்த் தேடுவது? ஆனால் இரண்டு ஆண்களும் குனிந்து டேப் பிடித்து அளந்தார்கள். ஸ்டெப் தொங்கினால் தடத்தில் தட்டும் என்றார் இவர். வண்டியின் கம்பீரம் போய்விடும் என்றார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். உன் காலை எவ்வளவு தூக்க முடியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கடைசியில் கடைக்காரருக்கே பாவமாக இருந்திருக்கும். "அக்காவுக்கும் ஆவற மாதிரி ஒண்ணு இருக்குதுங்க" என்று வெளியே நின்ற வேறொரு வண்டியைக் காட்டினார். அதுவும் ஸ்லைடர்தான், பாறைக்கும் தாங்கும். ஆனால் கொஞ்சம் இறக்கி, மேலே அகலமான தகடு வைத்திருந்தார்கள். நான் செருப்போடு கால் வைத்தேன். ஏறினேன். யாரும் பிடிக்கவில்லை. கிரேட் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே நின்று அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

"வேண்டாங்க," என்றார் அவர் கடைக்காரரிடம். "சும்மா குழாயே போடுங்க. இவங்க எப்பவாச்சுந்தான் ஏறுவாங்க."

"எப்பவாச்சுமா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்ணன் மவன் நாளைலருந்து பண்ணைக்கு வர்றான். பாத்துக்கறேன்னு சொல்லிட்டான். உங்கிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மலை, பாறை, கம்பீரம் எல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. படி வைத்தால் நான் ஏறிவிடுவேன். அதுதான் அவருக்குக் கஷ்டம். என்னை வேண்டாம் என்று நேராகச் சொல்லத் துணிச்சல் இல்லாமல், ஒரு வண்டியை வாங்கி, அதன் உயரத்தையே சொல்ல வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இரும்புக் குழாய் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கடை என்றும் பார்க்காமல் எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வீட்டிலிருந்து கிளம்பி நாமக்கல்லில் பஸ் ஏறினேன். கண்டக்டர் கை கொடுத்தார். புதுச்சத்திரத்தில் இறங்கி அந்த மண்தடத்தில் நடந்தேன். வலித்தது, பொய் சொல்வானேன். வேலிக்கல்லைப் பிடித்து நின்று நின்றுதான் போய்ச் சேர்ந்தேன். ஆட்களை வைத்து ஒரு சுற்றுத் தீவனம் அரைத்து முடித்த பிறகு ஜீப் வந்தது, இரண்டு பக்கமும் குழாய் பளபளக்க.

அவருடைய அண்ணன் மகன் ஒரே தாவலில் குதித்தான். நல்ல பையன், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டே பண்ணைக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள். கேட்டில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. வெளிச் சீக்கு கோழிக்கு ஒட்டாமல் இருக்க, யார் வந்தாலும் அதில் கால் நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். இருவரும் அதைத் தாண்டிக் குதித்து வந்தார்கள்.

நான் தீவன அறை வாசலில் நின்றேன். என்னைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார்.

"நீ எப்பிடி வந்த?"

"நடந்துதானுங்க. நாளைக்கும் வருவேன், நாளானைக்கும் வருவேன்," என்றேன். "மொதல்ல ரெண்டு பேரும் திரும்பிப் போய்க் கால நனைச்சுட்டு வாங்க."