வழியில ஒண்ணும் இல்லியே?

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் அநேகமாக எல்லோரிடமும் எங்கள் அக்கா ஒரு கேள்வி கேட்டிருப்பார். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைக் கேட்டுவிடுவார். "வழியில ஒண்ணும் இல்லியே?" சாப்பிட்டீர்களா, பிள்ளைகள் சௌக்கியமா என்பதெல்லாம் அப்புறம்தான். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவருக்கும் அதே கேள்விதான். "ஒரு நாயி படுத்துக்கினு இருந்துச்சி, தாண்டி வந்தேன்" என்று என் கணவர் கிண்டல் செய்வார். அக்காவும் சிரிப்பார். ஆனாலும் ஒழுங்கான பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்கா நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. அந்தக் கேள்வி எங்கே தொடங்கியது என்று வீட்டு இளையவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அம்மாவின் தம்பியான எங்கள் மாமா இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுது. என்ன நல்லவனா காட்டறேன்னு எதயாவது மாத்திப்புடாத" என்று சொல்லி அனுப்பினார்.

தியாகதுருகத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே, பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஊரில், மழையை நம்பிய கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் அக்கா மூத்த மகளாகப் பிறந்தார். சில வருடம் கழித்து நான் பிறந்தேன். எனக்குக் கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. மழைக்காலம் வந்தால் நெஞ்சு கட்டிக்கொண்டு மூச்சு சீழ்க்கை அடிக்கும். அம்மா கை வேலையாக இருப்பார். அக்காதான் என் முதுகில் காதை வைத்துக் கேட்டு, "இழுக்குதும்மா" என்றோ, "இப்ப கம்மியாயிருக்குது" என்றோ சொல்லுவார். ரொம்ப முற்றினால் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓட வேண்டும். பஸ் வருகிறதா என்று சாலையையும், நான் மூச்சு விடுகிறேனா என்று என்னையும் மாறி மாறிப் பார்த்ததுதான் அக்காவின் பிள்ளைப்பருவம். மற்றப் பிள்ளைகள் அந்த வயதில் பாண்டி ஆடினார்கள்.

பெரிய வகுப்பில் ஆசிரியர் ஒருவர், பிற்காலத்தில் என்ன ஆகப்போகிறீர்கள் என்று எல்லோரையும் எழுப்பிக் கேட்டாராம். அக்கா நர்ஸ் என்றார். ஏன் என்று கேட்டார் ஆசிரியர். "தங்கச்சிக்கு மூச்சு வுட முடியில சார். பாத்துக்கினே நின்னா பயமா இருக்குது. இன்னா பண்ணணும்னு தெரிஞ்சா பயம் கம்மியாவும்." வகுப்பே சிரித்ததாம். எத்தனையோ பேர் தங்கள் குறிக்கோளுக்கு எத்தனையோ பெரிய காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதைவிட உண்மையான காரணத்தை நான் கேட்டதில்லை. அந்தக் காரணம் நான்தான் என்பதால் சொல்லவில்லை.

பள்ளி இறுதியில் நல்ல மதிப்பெண் வாங்கி, நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டார். கடலூரில் நேர்காணல் என்று கடிதம் வந்தது. வீட்டில் அன்று பாயசம் வைத்தோம். அந்த நாள் நெருங்கி வந்தபோதுதான் எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்ற பேச்சு கிளம்பியது. முதலில் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் செய்தி வர ஆரம்பித்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள், பஸ் ஓடவில்லை, லாரிகள் ஆங்காங்கே நின்றுவிட்டன, போலீஸ் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். சில ஊர்களில் உயிர்ச்சேதம் என்று வானொலி சொன்னது. எங்கள் ஊர்க் காலனியில் இருந்தவர்கள் அந்த நாட்களில் எங்களைவிட அதிகம் பயந்து கிடந்தார்கள். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். 'நம்ம பயம் மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சிச்சி' என்று அக்கா பிற்காலத்தில் சொல்லுவார்.

மாமா மறியலில் இருந்தார். ஆளுக்கொரு ஊர்ப் பக்கம் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துச் சாலைக்கு மாமாதான் முன்னால் நின்றவர். நேர்காணலைத் தள்ளி வைத்திருப்பார்களா, இல்லையா? யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. அப்பா தபாலாபீசுக்குப் போய்க் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை. "தள்ளி வெச்சிருப்பாங்க, எல்லாருக்கும்தானே ரோடு இல்ல" என்றார் அம்மா. "வெக்காம இருந்தா?" என்றார் அக்கா. நேர்காணல் அன்று வெளிச்சம் வந்ததும், ஏதாவது வண்டி கிடைக்கும் என்று நம்பி அப்பாவும் அக்காவும் வரப்பு வழியாகச் சாலைக்கு நடந்து கிளம்பினார்கள்.

அன்று பகல் முழுவதும் நானும் அம்மாவும் பட்ட பாட்டை எழுத முடியாது. உலை வைத்தோம், அரிசி போடவில்லை. சாலைப் பக்கமிருந்து யாராவது வந்தால் அம்மா ஓடிப்போய் நிற்பார். ஒருவர் தடியடி என்றார். இன்னொருவர் சுட்டுவிட்டார்கள் என்றார். யாரைச் சுட்டார்கள், எங்கே என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. கணவர், மகள், தம்பி மூவரும் அதே சாலையில் இருந்தார்கள். அம்மா யாருக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் மூன்று பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அன்று இழுப்பு வந்தது. முதுகில் காது வைத்துக் கேட்க ஆள் இல்லை.

அங்கே நடந்ததை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். மாமா சொல்வதும் அதேதான். மரம் கிடந்த இடத்தில் ஒரு மருந்து வண்டி நின்றிருக்கிறது. பாலையும் மருந்தையும் விடலாம் என்பது மறியல்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்த வண்டி உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாகக் கடலூர் போகிறது. ஏறிக்கொள்ளச் சொல்லி ஓட்டுநரே கூப்பிட்டாராம். மாமா தலையசைத்தால் போதும்.

"மருந்து போவட்டும். ஆளு ஏறக்கூடாது" என்றார் மாமா.

"மச்சான், கொழந்தைக்கு இன்னிக்கித்தான் இன்டர்வியூ" என்றார் அப்பா.

மாமா அக்காவைப் பார்த்து, "நாங்க யாருக்காக இங்க வெயில்ல உக்காந்துகினு இருக்கறோம், பாப்பா? உன்ன மாதிரி படிச்ச புள்ளைங்க நாளைக்கி வேலையில்லாம நிக்கக்கூடாதுன்னுதானே" என்றார்.

"எனுக்காகத்தானே மாமா? அப்ப என்ன வுடுங்க."

அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மாமாவைப் பார்த்தார்களாம். சற்று முன்னால்தான் ஒரு கல்யாண வண்டியைத் திருப்பி அனுப்பியிருந்தார். பெண் வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டும் விடவில்லை. "அவங்கள அனுப்பிட்டு என் அக்கா பொண்ண ஏத்தி வுட்டா, நாளைக்கி எவன் என் பேச்ச கேப்பான்?" என்றார் மாமா. மரத்தை ஓரமாக நகர்த்தி வண்டிக்கு வழி விட்டார்கள், வண்டி போனது, மறுபடி மரத்தை இழுத்துப் போட்டார்கள். அது சரியாகக் கிடக்கும்வரை அக்கா நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாராம்.

வீடு வந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அழவில்லை. என் மூச்சுச் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து முதுகில் காதை வைத்தார். வந்தவர்களை வைத்து நேர்காணலை முடித்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

மறியல் ஓய்ந்து ஓரிரு நாளில், வயல் வழியாக நொண்டிக்கொண்டே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். தடியடியில் முழங்கால் வீங்கி, தாடையில் காயம். அம்மா அலறிவிட்டார். அக்கா முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாமா வாங்கிக் குடிக்கும்போது அக்கா கேட்டார்.

"வர்ற வழியில ஒண்ணும் இல்லியே மாமா?"

அந்தக் கேள்வியை அக்காவின் வாயிலிருந்து நாங்கள் முதன்முதலில் கேட்டது அன்றுதான். கோபம் இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அக்காவுக்குக் கோபத்தைவிடப் பயம் எப்போதும் ஒரு படி மேலே. வெந்நீர் வைத்துக் காயத்தைக் கழுவித் துணி கட்டினார்.

அடுத்த ஆண்டும் மனுப் போட்டார், கிடைக்கவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பேச்சு ஆரம்பித்தது. வயது வரம்பு தாண்டிவிடுமோ என்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு புது ஒதுக்கீடு வந்தது. அதில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. மாமா ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து வாசலில் நின்றார். "பாத்தியா பாப்பா? நாங்க உக்காந்தது வீண் போவல."

"அன்னிக்கி வுட்டிருந்தா அப்பவே போயிருப்பேன் மாமா."

"அப்ப கெடச்சிருக்கும்னு யாரு கண்டது?"

யாருமே கண்டதில்லை. மாமா அக்காவின் வழியை அடைத்தவரா, திறந்தவரா என்று எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை வாதம் நடந்திருக்கிறது. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். அக்கா மட்டும் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவார். மாமாவும் அக்காவும் விசேஷ வீடுகளில் மழை, விளைச்சல், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாம் பேசுவார்கள். அந்தச் சாலையைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்.

பயிற்சி முடித்ததும் கல்வராயன் மலைக்குப் போகிறேன் என்று தானே கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் மலையிலிருந்து இறங்க வழி பார்த்த காலம் அது. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. என்னிடம் மட்டும் அக்கா காரணத்தைச் சொன்னார். "நோவு ஒரு பக்கம், நர்சு ஒரு பக்கம், நடுவுல ரோடுன்னு இருக்கக்கூடாது. ரோட்ட எவன் வேணாலும் அடைச்சிப்புடுவான். நான் அவங்க பக்கத்துலயே இருந்துட்டா பயமில்ல பாரு."

பயமில்லை என்று சொன்னாரே தவிர, பயந்துகொண்டேதான் வேலை பார்த்தார். வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களில் எந்தப் பெண்ணுக்கு எந்த மாதம் என்பது அவருக்கு மனப்பாடம். மழை தொடங்குமுன் நடந்துபோய் அவர்களை அரட்டி, உருட்டி, கச்சிராயபாளையத்துக்கோ கள்ளக்குறிச்சிக்கோ இறக்கிவிடுவார். இறங்க மறுத்தவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். வலி எடுத்த பெண்ணின் மாமியார், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நர்சம்மா, நீ செத்த நேரம் ஒக்காரு. உன்னப் பாத்தா எங்களுக்குப் படபடன்னு வருது" என்றார். அக்கா உட்கார்ந்தார். உடனே எழுந்துவிட்டார். பிள்ளை நல்லபடி பிறந்தது.

மலையில் பள்ளி ஆசிரியராக இருந்தவரை மணந்துகொண்டு, கடைசிவரை மலையிலேயே வேலை பார்த்தார். பணி நிறைவு விழாவில் ஒருவர், "சேவையே குறிக்கோளாக வாழ்ந்தவர்" என்று பேசினார். மாலை கழுத்தில் இருக்க, அக்கா என் காதில், "சேவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பயந்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று யோசித்தால், தன் பயத்தை இத்தனை பேருக்குப் பயன்படும்படி வைத்துக்கொண்டவரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு வந்து வீடு கட்டி அதிக நாள் வாழவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். புதுச்சேரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். என்ன நோய், எதுவரை போகும் என்று அக்காவுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தால் பயம் குறையும் என்று சின்ன வயதில் சொன்னவர். குறைந்ததா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தூங்கும்போது மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமா பஸ் ஏறி ஏறி வந்து பார்ப்பார். ஒரு மத்தியானம் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "அன்னிக்கி உன்ன ஏத்தி வுட்டிருக்கலாம் பாப்பா" என்றார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல்முறை. அக்கா கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். பிறகு, "வுட்டிருக்கலாம்" என்றார். கண்ணைத் திறந்து, "அந்தக் கல்யாண வண்டியயும்தான் மாமா" என்றார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பஸ்ஸுலயா வந்தீங்க? வழியில ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

அக்காவின் கடைசி மாதங்களில் உறங்காமல் பார்த்துக்கொண்ட அவர் கணவருக்கும், வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் கார் எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், சோறாக்கிக் கொண்டுவந்த அண்டை வீட்டுப் பெண்களுக்கும், செய்தி கேட்டு மலையிலிருந்து வேன் பிடித்து இறங்கி வந்து, "எங்க நர்சம்மா" என்று தலைமாட்டில் உட்கார்ந்து அழுத தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மாமாவுக்குச் சொல்ல வேண்டியதைக் கடைசியாக வைத்திருக்கிறேன். அக்காவின் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு போன அன்று, தியாகதுருகம் தாண்டிக் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்று சாலை அடைத்துக் கிடந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. மாமா கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி, யார் பிடித்தும் நிற்காமல் இறங்கினார். வெயிலில் நடுச்சாலையில் நடந்து, ஒவ்வொரு டிராக்டராகப் போய், ஓட்டுநரை அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்க பொண்ணு போவுதுப்பா. கொஞ்சம் வழி வுடுங்க."

ஒவ்வொருவராக ஓரம் கட்டினார்கள். கடைசி டிராக்டர் ஒதுங்கும்வரை மாமா அங்கேயே நின்றார். எங்கள் வண்டி அவரைக் கடந்தபோது, கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது.

அக்கா, ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். வழியில் ஒன்றும் இல்லை.

கண்ணீருடன்,
தங்கை