கருடன் வராத சனிக்கிழமை

சத்தியசீலனுக்குச் சோறு போடுவது அவருடைய கண்கள்தாம். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக, தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறதா, விட்டிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்க்கிற வேலை. நாலு நாள் குனிவார். இரண்டு நாள் லீவில் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார். கழுத்துவலிக்கு வைத்தியம் என்று மனைவி வாசுகியிடம் ஆரம்பத்தில் ஒரு பொய் சொன்னார். அது இப்போது தூரத்துப் பறவையைக் கண்ணுக்குக் கிட்டே காட்டும் ஒரு தெரோப்போங், மூன்று நோட்டுப் புத்தகம் என்று வளர்ந்து நிற்கிறது.

அக்டோபர் வந்தால் வடக்கே குளிர் தாங்காத பருந்துகள் பாடாங் செராய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலாகத் தெற்கே போகும். பார்த்ததை எழுதுவார். பார்த்த மாதிரி இருந்ததை எழுதமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் ஆள் மகா யோக்கியர். மற்றபடி, டாக்டர் சீட்டில் கிடைக்கும் எம்சி லீவுக்கு வயிற்றுவலி வரவழைப்பதில் கெட்டிக்காரர்.

அந்த அக்டோபரில் அவருக்கு வாய்த்த ஒரே சனிக்கிழமை லீவு, புரட்டாசிக் கடைசிச் சனியில் வந்து விழுந்தது.

"இன்னிக்கு ஆகாசத்த பாத்தீங்க, நடக்கறதே வேற," என்றார் வாசுகி. "நீங்க பந்தி பரிமாற வருவீங்கன்னு கோயில்ல சொல்லியாச்சு."

"சரி லா."

தெரோப்போங்கைச் சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார். தொப்பை ஏற்கெனவே இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தோட்டத்துப் பெருமாள் கோயிலில் ஒரு வழக்கம். கடைசிச் சனி பூசை முடிந்ததும் கருடன் மேலே வட்டமிட வேண்டும். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் சோற்று அண்டாவின் மூடியைத் திறப்பார்கள். ஆற்றங்கரை மரத்தில், கருடன் என்று கும்பிடுகிற செம்பருந்து ஒரு ஜோடி குடியிருந்ததால் இதுவரை யாரும் பட்டினி கிடந்ததில்லை. அந்த வருடம் பார்த்து ஜோடி எங்கோ வீடு மாறிப் போய்விட்டது.

மணி பன்னிரண்டரை. சாம்பார் வாசம் ஆளைக் கொன்றது. பிள்ளைகள் சிணுங்கின. காலை நாலு மணிக்கே காய் நறுக்க வந்த பிச்சையம்மாள் தூணில் சாய்ந்துகொண்டு, "வேணும்னா நான் போயி பறக்கட்டுமா?" என்று கேட்டார்.

கோயில் தலைவர் நடராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. வழக்கத்தை உடைத்த தலைவர் என்று பேர் வந்தால் போச்சு. சத்தியசீலனை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, சட்டைக்குள்ள என்னா இருக்குன்னு தெரியும். எடு. காக்கா போனாக்கூட கருடன்னு சொல்லிரு. நீ சொன்னா சனங்க நம்பும்."

"பாத்தாதாண்ணே சொல்ல முடியும்."

"பசிக்குது லா!"

அவருக்கும்தான் பசித்தது. ஒரு வார்த்தை சொன்னால் இருநூறு பேர் சாப்பிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால், மூன்று நோட்டில் எழுதிய எதையும் இனி அவராலேயே நம்ப முடியாது.

தெரோப்போங்கை உயர்த்தினார். வடக்கே, மேகத்துக்கு அடியில், மிளகுத்தூளைக் கொட்டின மாதிரி என்னவோ இருந்தது. ஒன்று. எட்டு. முப்பது. சூட்டுக் காற்றில் சிறகை அசைக்காமல் சுற்றிச் சுற்றி ஏறி, கோயிலுக்கு நேர் மேலே வந்துவிட்டன. இப்படி ஒரு கூட்டத்தை அவர் ஒரு வருடம்கூடப் பார்த்ததில்லை.

"கோவிந்தா!" என்று சனம் அலறியது. எல்லார் கையும் கன்னத்துக்குப் போனது.

"கருடன்தானே?" நடராஜா சந்தோஷத்தில் மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார்.

"இல்லண்ணே." தோட்டம் முழுக்கக் கேட்டது. "கருடனுக்குத் தல வெள்ளையா இருக்கும். இது தேன்பருந்து. சைபீரியாவுலேருந்து வருது. சுமத்ராவுக்குப் போவுது."

கன்னத்துக்குப் போன கைகள் அப்படியே நின்றன. வாசுகி மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்.

பிச்சையம்மாள்தான் வாயைத் திறந்தார். "ஏம்பா, கருடனுக்கு இது சொந்தமா, இல்லியா?"

"சொந்தந்தான்கா. கொஞ்சம் தூரத்துச் சொந்தம்."

"எத்தன நாளா பறந்து வருது?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"அப்பறம் என்னா? மாப்பிள்ள வரலன்னா போவட்டும். பங்காளிங்க குடும்பத்தோட அவ்ளோ தூரத்துலேருந்து வந்து வாசல்ல நிக்கிறாங்க. அண்டாவ மூடி வச்சிருந்தா நம்மள என்னா நெனப்பாங்க? தொறப்பா நடராஜா!"

நடராஜா யோசிப்பது போலக் கொஞ்சம் நின்றார். தலைவர் அல்லவா, உடனே தலையாட்டினால் மதிப்பில்லை. பிறகு மூடி திறந்தது.

பந்தியில் பரிமாற வேண்டிய மனிதர் வெயிலில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். சாம்பார் வாளியோடு வந்தார் வாசுகி.

"ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்துடுமா? அதுவும் மைக்குல!"

"பேசாத. நூத்தி நாப்பத்து மூணு."

வாசுகியும் அண்ணாந்து பார்த்தார். இன்னும் வந்துகொண்டேதான் இருந்தன. கணவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு, அவருடைய வரிசைக்குத் தானே பரிமாறக் கிளம்பினார்.

"ஒண்ணையும் விட்டுடாதீங்க," என்று போகிற போக்கில் சொன்னார்.