தொண்ணூற்று நாலில் கொதித்த தண்ணீர்

இரசாயனச் செய்முறைப் பரீட்சை முடிந்ததும், நுவரெலியாப் பனியில் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் படியில் கூடினோம். விடையை ஒப்பிட்டுப் பார்க்காமல் எவருக்கும் வீட்டுக்குப் போகக் கால் வராது. காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெப்பமானியில் அளந்து, கொதிநிலையை எழுத வேண்டும். அதுதான் கடைசிக் கேள்வி.

"நூறு," என்றான் டவுன் கடை முதலாளியின் மகன். மற்றவர்களும் நூறு, நூறு என்று ஒத்து ஊதினார்கள்.

"தொண்ணூத்தி நாலு," என்றேன் நான்.

ஒரே சிரிப்பு.

"கொதிக்கிறதுக்கு முந்தியே பாத்துட்டியா புள்ள? லயத்து அடுப்புன்னு நெனச்சிட்டியா?" என்றான் அவன்.

வகுப்பில் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீட்டிலிருந்து, வந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"தளதளன்னு கொதிச்ச பொறகுதான் பாத்தேன். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

வாய்தான் அப்படிப் பேசியது, உள்ளுக்குள் பயம்தான். இந்தப் பரீட்சையில் தேறினால்தான் அடுத்த வருடம் விஞ்ஞான வகுப்பு. தேறாவிட்டால் என்னைக் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்துவிடுவதாக, தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையாவிடம் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

எழுதும்போது எனக்கும் பேனா தயங்கத்தான் செய்தது. புத்தகத்தில் நூறு என்றுதானே இருக்கிறது? ஆனால் எங்கள் வீட்டு அடுப்புக்கு விறகு பொறுக்குகிறவள் நான். வலப்பனைப் பள்ளத்தில் சித்தி வீட்டில் சட்டென்று மலர்ந்துவிடும் பருப்பு, கந்தப்பளையில் எங்கள் வீட்டில் ஒரு கட்டு விறகைத் தின்ற பிறகும் கல்லாகக் கிடக்கும். இரண்டு இடத்திலும் தண்ணீர் பார்வைக்கு ஒரே மாதிரிதான் கொதிக்கும். எங்கள் மலைக் கொதிப்பில் சூடு பற்றாது என்று எனக்கு முன்பிருந்தே ஒரு சந்தேகம். அதனால் கண்ணால் கண்டதையே எழுதினேன்.

சிரிப்பு அடங்கியதும் போதகரின் மகள் மெல்லச் சொன்னாள். "எனக்கும் தொண்ணூத்தி நாலுதான் காட்டுச்சு. வெப்பமானி பழுதுன்னு நெனச்சு நூறு போட்டேன்."

"எனக்கும் அப்படித்தான்," என்றான் பக்கத்தில் நின்றவன். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். கடைசியில் கடை முதலாளியின் மகனும் காதைச் சொறிந்துகொண்டே, "எனக்குந்தான்," என்றான்.

"அத்தனை வெப்பமானியும் ஒரே மாதிரியா பழுதாகும்?" என்று கேட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

விடைத்தாள் கைக்கு வந்தபோது அந்தக் கேள்விக்கு எனக்கு மட்டும்தான் முழுப் புள்ளி. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும், அதனால் மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று ஆசிரியர் விளக்கினார். விஞ்ஞான வகுப்பிலும் எனக்கு இடம் கிடைத்தது.

மறுநாள் விடியற்காலை நான் பஸ்ஸுக்குப் போகும் வழியில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள். "என்னப்பா, மகளுக்குப் பேரு பதிஞ்சிரலாமா?" என்று கண்டாக்கையா அப்பாவைக் கேட்பது என் காதில் விழுந்தது. அவர் முன்னால் குரலை உயர்த்தியே அறியாத அப்பா, அன்றைக்குப் பெரட்டே திரும்பிப் பார்க்கும்படி பேசினார்.

"இல்லீங்கய்யா, அது படிக்கப் போவுது. தண்ணி நூறுலதான் கொதிக்கும்னு பொஸ்தகத்துல இருக்காம். நம்ம மலையில தொண்ணூத்தி நாலுலயே கொதிக்கும்னு எம் மக எழுதியிருக்குங்க."