தாலாட்டுக்கு ஆதாரம் தேடிய புருல்சா

நரம்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையைக் கோமுஸின் முறுக்காணியில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள் புருல்சா. அந்த மூன்று தந்தி வாத்தியத்துக்கு நரம்பை அவள் தூண்டில் கடையில்தான் வாங்குவாள். கராகோல் நகர மழலைப் பள்ளியில் அவள் இசைப் பணியாளர், நான் செவிலி. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஓய்வுபெற்ற பிறகு இங்கே தொண்டையும் தலைப்பேனும் பார்க்கிறேன்.

தலைமையாசிரியை சோனுன் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள்.

"மத்தியானம் தூங்க வைக்க இனிமே இது போதும், புருல்சா. எல்லாத் தாலாட்டும் இதுலயே இருக்கு."

"எந்தப் பிள்ளை முழிச்சிருக்குன்னு பெட்டிக்குத் தெரியுமா?"

"உன் கோமுஸுக்குத் தெரியுதாக்கும்! நேர்ல வாசிச்சாத்தான் நல்லாத் தூங்கும்னு எந்த ஆராய்ச்சி சொல்லுது? கொண்டுவந்து காட்டு. வர்ற புதன் வரைக்கும் பொறுக்கிறேன்."

மத்தியான வாசிப்பு போனால் புருல்சாவுக்குப் பாதி வேலை, பாதிச் சம்பளம். லாரி ஓட்டிய கணவன் முதுகுவலியால் படுக்கையில் இருந்தான். அழப்போகிறாள் என்று கைக்குட்டையை எடுத்தேன். தேவைப்படவில்லை.

"எஜே, யாராவது இதை நிஜமாவே பாத்திருப்பாங்கல்ல? எங்க எழுதி வச்சிருப்பாங்க?" என்று என்னிடம் கேட்டாள். மூத்த பெண்களை எஜே, அதாவது அக்கா, என்பது எங்கள் ஊர் வழக்கம்.

அவள் அப்படித்தான். முன்பு கலாமன்றத்தில் இருந்தபோது, ஒரு அக்கார்டியன் ஏன் கரகரக்கிறது என்று பார்க்க அதை முழுக்கப் பிரித்துவிட்டாள். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. வேலை போயிற்று. காரணம் தெரிந்துவிட்டது என்ற சந்தோஷம் மட்டும் போகவில்லை.

மறுநாள் சாயங்காலம் இருவரும் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனோம்.

"தாலாட்டுப் பத்திரிகை இருக்கா? ஆராய்ச்சி போட்டது," என்று கேட்டாள் புருல்சா.

நூலகப் பெண் அய்சாதா சிரித்தாள். "பாட்டுப் போடுற பத்திரிகை இல்ல எஜே, நீங்க தேடுறது. ஆராய்ச்சிப் பத்திரிகைல ஒருத்தர் எழுதினதை அதே துறைக்காரங்க வேற சிலர் அலசிப் பாத்த பிறகுதான் போடுவாங்க."

கணினியில் கோமுஸ் என்று தேடியதும் சுருதி, பழைய ராகங்களின் அமைப்பு என்று வந்து குவிந்தது. நடுத் தந்தியை ஏன் உயர்த்திக் கட்டுகிறோம் என்பதற்கே ஒரு நீளக் கட்டுரை. புருல்சா அதில் மூழ்கிப்போனாள். மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"புதன்கிழமை நடுத் தந்தியையா சோனுன் கிட்ட காட்டப் போறே? வாத்தியத்தை விடு. பிள்ளை, தூக்கம், மூச்சு, நேர்ல பாட்டு. அதைத் தேடு."

அப்போதுதான் இசையும் மனமும் பற்றிய பத்திரிகைகள், இசைச் சிகிச்சைப் பத்திரிகைகள் எல்லாம் தலைகாட்டின. ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கம் அதற்கு முந்தைய கட்டுரைகளைக் காட்டியது. அப்படியே பின்னால் போய், பின்லாந்துப் பெண் ஒருத்தி எழுதியதைப் பிடித்தோம். சுருக்கம் மட்டும் இலவசம். மீதிக்கு டாலரில் கேட்டார்கள்.

"எழுதினவங்களுக்கே மின்னஞ்சல் போடுங்க. சும்மாவே அனுப்புவாங்க, பெரும்பாலும்," என்ற அய்சாதா, புருல்சா பெயரில் தானே தட்டி அனுப்பினாள்.

பதில் வருவதற்குள் வேறொரு பத்திரிகையிலிருந்து புருல்சாவுக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது. ஏதோ ஒரு பக்கத்தில் பெயரைக் கொடுத்துத் தொலைத்திருக்கிறாள். "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே, பணம் கட்டினால் உங்கள் கட்டுரையை உடனே வெளியிடுவோம்."

"எஜே, நான் பேராசிரியராம்!"

"உம் புருஷன் கிட்டச் சொல்லு, எந்திரிச்சு டீ போட்டுத் தரட்டும். படிக்காமலே அச்சடிக்கிறவன் பத்திரிகைக்காரன் இல்ல, பணம் பிடுங்குறவன். அழி அதை."

செவ்வாய்க்கிழமை பின்லாந்திலிருந்து முழுக் கட்டுரையும் வந்தது. அய்சாதா வாசித்துச் சொன்னாள். பதிவு செய்த பாட்டைக் கேட்ட குழந்தைகளைவிட, நேரில் பாடியதைக் கேட்ட குழந்தைகளின் மூச்சு கொஞ்சம் கூடுதலாகச் சீராக இருந்தது. ஆனால் பார்த்த குழந்தைகள் குறைவு, எல்லாம் புதிதாய்ப் பிறந்த சிசுக்கள், ஆகவே உறுதியாகச் சொல்ல முடியாது.

"மூச்சு சீரா இருந்ததுங்கற வரியை மட்டும் காட்டுங்களேன்," என்றாள் அய்சாதா மெதுவாக.

புருல்சா கேட்டது வேறு. "உறுதியாச் சொல்ல முடியாதுன்னா எழுதியிருக்காங்க? அப்போ நம்ம பள்ளிப் பிள்ளைங்க வயசுல எப்படின்னு இன்னும் யாருக்கும் தெரியாதா?" அவள் முகத்தில் பண்டிகைக் களை.

புதன்கிழமை எல்லாப் பக்கத்தையும் சோனுன் முன்னால் வைத்தாள்.

"நிரூபணம் இல்லைல்ல? அப்போ நான் சொன்னதுதான்."

"நீங்க சொன்னதுக்கும் இல்ல. நம்ம கிட்ட ரெண்டு தூக்க அறை இருக்கு. ஒண்ணுல பெட்டி, ஒண்ணுல நான். ஒரு வாரம் கழிச்சு மாத்திக்குவோம். எந்தப் பிள்ளை எப்போ தூங்குதுன்னு எஜே பாக்கட்டும்."

"பெட்டி ஜெயிச்சா?"

புருல்சா பக்கங்களை அடுக்கி அவள் பக்கம் தள்ளினாள். "பாதி வேலைக்கு ஒத்துக்கறேன்."

சோனுன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவ எப்பவுமே இப்படித்தானா?"

"அக்கார்டியனைக் கேட்டுப் பாருங்க," என்றேன். "நான் பாக்கறேன். ஆனா பெத்தவங்க சம்மதம் இல்லாம ஒரு பிள்ளை பக்கத்துலயும் கடிகாரத்தோட நிக்க மாட்டேன்."

மறுநாள் காலை நானும் புருல்சாவும் வாசலில் நின்று, பிள்ளைகளின் கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் கேட்டோம். "வீட்டுல தூங்கவே மாட்டேங்கிறான், எதுல வேணா போட்டுப் பாருங்க," என்றார் ஒருவர். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம். பிறகு எந்த அறைக்குப் பெட்டி என்பதை நாங்கள் யாரும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று புருல்சா அடம்பிடித்ததால், பிள்ளைகள் விளையாடும் ஆட்டுக் கணுக்கால் எலும்பைத் தரையில் உருட்டினோம்; குழிப் பக்கம் மேலே வந்தால் கிழக்கு அறை, மேட்டுப் பக்கம் வந்தால் மற்றது. கிழக்கு அறை என்று விழுந்தது. சோனுன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தாள்.