பஞ்சு அடைத்த பெட்டி

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த என்னை ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார்கள். வேலைக்கு நடுவே அது அடிக்கடி தானாக அணைந்துவிடும். "ஏனுங்க, கண்டதையும் அமுக்குனீங்களா?" என்பார் மேனேஜர். நானும் என் விரலைத்தான் சந்தேகப்பட்டேன். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் அமுக்குவேன்.

ஒரு நாள் ஆத்திரத்தில் வயரைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த சின்ன ஃபேன் சுற்ற முடியாதபடி பஞ்சு அப்பிக் கிடந்தது. என் தையல் மெஷினுக்குள் தினமும் பார்த்த அதே பஞ்சு! சூடு தாங்காமல்தான் அணைந்திருக்கிறது. அப்பாடா, தப்பு என் விரலில் இல்லை. மெஷினுக்கு அடிப்பதுபோலவே ஏர் பைப்பால் காற்றடித்துப் பஞ்சை ஊதித் தள்ளினேன். வயரை மாட்டி ஓடவிட்டேன்; சாயங்காலம் வரை அணையவில்லை.

திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்து மேனேஜர் பதறினார். "அதுக்குள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"இப்பத் தெரியுமுங்க" என்றேன்.