இடைவேளைப் பிரேரணை

2024 மார்ச் 13, புதன்கிழமை. எழுந்தது 4.50. சீனி இல்லாமல் ஒரு தேநீர். இரண்டு துண்டு பாணுக்குள் சீஸ் வைத்துப் பெட்டியில் போட்டேன்; ஒரு வாழைப்பழம். பூச்சாடி மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றினேன். ஹம் நிலையத்தில் ரயில் ஒன்பது நிமிடம் தாமதம். ஜெர்மனியில் ஒன்பது நிமிடம் என்றால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. டுசல்டோர்ஃபில் இறங்கியது 7.58. பாராளுமன்றத்தில் என் அறைக்கு வந்து சப்பாத்தை மாற்றி, கடிதங்களைத் திறந்து, 9.25க்குக் குழு அறையில் உட்கார்ந்தேன்.

நான் மாநிலப் பாராளுமன்ற உறுப்பினர் ஆவேன் என்று 2022க்கு முன்பு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அவருக்குக் காய்ச்சல் பார்த்திருப்பேன். இருபத்தேழு வருடம் ஹம்மில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருந்தேன். அதில் பதினொரு வருடம் ஊழியர் சபையிலும் தொழிற்சங்கத்திலும் இருந்து, பணி அட்டவணைக்காக நிர்வாகத்தோடு சண்டை பிடித்தேன். கட்சி என்னை மாநிலத் தேர்தலில் நிறுத்தியது படத்துக்கு அழகாக இருக்கும் என்றுதான். பட்டியலில் மிகவும் கீழே. வெல்வேன் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்காமல் அடுத்த மாதத்தில் ஏழு இரவுப் பணிகளுக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தேன். முடிவு வந்த மறுநாள் வார்ட் பொறுப்பாளர் என்னைக் கண்டதும் கேட்ட முதற் கேள்வி:

"அப்ப அந்த ஏழு இரவையும் ஆர் செய்யிறது?"

அவர் ஜெர்மன்காரர், ஜெர்மனில்தான் கேட்டார். ஆனால் என் நாட்குறிப்பில் எல்லா ஜெர்மன்காரரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த பேச்சு அதுதான். அவர்களுக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு மணி அடிக்கும். முதல் மூன்று மாதமும் அந்த மணி கேட்டவுடன் எழுந்து, எந்த அறை வாசலில் விளக்கு எரிகிறது என்று மேலே பார்த்துக்கொண்டு நடைபாதையில் ஓடினேன். ஒரு முறை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் என்னை மறித்து, "சிஸ்டர், இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை" என்றார். மேற்கே பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். பெரிய உடம்பு, சிறிய கண்ணாடி. அன்றிலிருந்து நான் அவருக்கு 'சிஸ்டர்'. என் நாட்குறிப்பில் அவர் 'பண்ணைக்காரர்'.

இனி அந்தப் புதன்கிழமை.

அன்று சுகாதாரக் குழுவில் என் பிரேரணைக்கு வாக்கெடுப்பு. என் பெயர் போட்டு வந்த முதல் பிரேரணை, மொத்தம் அரைப் பக்கம். இரவில் ஒரு வார்ட்டை ஒரு தாதி தனியாகப் பார்த்தால், அவர் அரை மணி நேரம் இடைவேளை எடுக்க மருத்துவமனை இன்னொருவரை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அரைப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார். என் பழைய வார்ட்டில் இரவுப் பணி செய்பவர், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பெண், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், தொழிற்சங்கத்தில் எனக்குப் பிறகு என் இடத்துக்கு வந்தவர். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு மூன்று தரம் சலக்கடுப்பு (சிறுநீர்த் தொற்று) வந்துவிட்டது. இரவில் தனியாக நிற்கும் தாதி தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் போக வேண்டும். போனால் வார்ட்டில் ஆளில்லை. நானும் இருபத்தேழு வருடம் அப்படித்தான் இருந்தேன். தை மாதம் அவரிடம், "இதை நான் நிறைவேற்றித் தாறன்" என்று சொல்லியிருந்தேன். வாக்குறுதிகளை நான் தேதி போட்டு எழுதி வைப்பது வழக்கம், இதுவும் இருக்கிறது.

குழுவில் இருபத்தொரு பேர். எங்கள் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பத்து. சிக்கல் பதினோராவது ஆளில் இருந்தது. அவருக்குக் குடலிறக்கம். அதற்குச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அன்று மாலை டெர்மின், அதாவது முன்பதிவு செய்த சந்திப்பு. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்தது. பிற்பகல் 3.15க்கு அவர் கிளம்பியாக வேண்டும். அவருக்குப் பதிலாக வர வேண்டியவர் காய்ச்சலில் படுத்திருந்தார். டெர்மினைத் தவறவிடு என்று சொல்ல ஒரு தாதிக்கு வாய் வருமா? எனக்கு வரவில்லை. ஆகவே வேறொரு வேலை செய்தேன்.

கூட்டம் தொடங்கியதும் கையை உயர்த்தி, நிகழ்ச்சி நிரலில் 12.30க்கு இருந்த மதிய இடைவேளையை விட்டுவிட்டால் மூன்று மணிக்கு முன்பே வாக்கெடுப்பை முடிக்கலாம் என்று முன்மொழிந்தேன். தலைவர் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் மறுக்கவில்லை. பண்ணைக்காரர் மட்டும் சத்தமாகச் சொன்னார்:

"இடைவேளைக்குச் சட்டம் கேக்கிற சிஸ்டர் இடைவேளையை வெட்டுறா. எழுதி வையுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது பகிடி என்றுதான் நினைத்தேன்.

நிபுணர்கள் பேசினார்கள். ஒரு மருத்துவமனை நிர்வாகி, தாதிகள் அமைதியான நேரம் பார்த்து ஓய்வெடுத்துக்கொள்கிறார்கள் என்று பதினான்கு நிமிடம் விளக்கினார். அமைதியான நேரம் எது என்று நான் கேட்டேன். அது வார்ட்டுக்கு வார்ட் வேறுபடும் என்றார். இடைக்கிடை உறுப்பினர்கள் எழுந்து வெளியே போனார்கள், கோப்பி கொண்டு வந்தார்கள். பண்ணைக்காரர் இரண்டு முறை போனார். இரண்டாவது முறை திரும்பியபோது மீசையில் கடுகுச் சோஸ் இருந்தது. 12.40க்கு நான் போய் என் பாணைச் சாப்பிட்டு 12.52க்கு வந்தேன்.

2.40 அளவில் எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு பேர் பேச வேண்டும், அதன் பிறகு வாக்கெடுப்பு. பதினோராவது ஆள் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். அப்போதுதான் தலைவருக்குப் பக்கத்தில் இருந்த சிறிய மேசையைப் பார்த்தேன்.

அங்கே கூட்டக் குறிப்பு எழுதும் பெண் இருந்தார். காதில் ஹெட்ஃபோன், கை விசைப்பலகையில். நாற்பது வயது இருக்கும். அவருக்கு முன்னால் ஒரு தண்ணீர்ப் போத்தல். மூடி திறக்கப்படவில்லை.

திறக்காத போத்தலைப் பார்த்தால் மற்றவர்களுக்குத் தண்ணீர் தெரியும். எனக்கு வேறொன்று தெரிந்தது. உதடுகளைப் பார்த்தேன்: காய்ந்து போயிருந்தன. கால்களைப் பார்த்தேன்: மேசைக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னியிருந்தன. அந்தப் பின்னலை எனக்கு நன்றாகத் தெரியும். அறையில் எல்லோரும் வெளியே போய் வரலாம். அவர் ஒருவரால்தான் முடியாது. அவர் எழுந்தால் குறிப்பு நின்றுவிடும்.

ஒரு துண்டுத் தாளில் "எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள்?" என்று எழுதி நீட்டினேன். வலது கையை நிறுத்தாமல் தாளைப் பார்த்துவிட்டு, இடது கையால் எழுதித் திருப்பினார்: 8.45.

ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் இடைவேளை இல்லாமல் வேலை வாங்கக் கூடாது. இந்த நாட்டின் சட்டம் அது. ஊழியர் சபையில் பதினொரு வருடம் நான் நித்திரையிலும் சொன்ன வாக்கியம். 8.45உடன் ஆறைக் கூட்டினால் 2.45. அறைச் சுவர்க் கடிகாரத்தில் 2.44.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு வந்த நினைப்பு இதுதான்: இன்னும் இருபது நிமிடம்தானே. பிறகுதான் அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தது. நான் சண்டை பிடித்த ஒவ்வொரு வார்ட் பொறுப்பாளரும் அதே குரலில்தான் பேசியிருக்கிறார். 'இன்னும் கொஞ்ச நேரம்தானே, சிஸ்டர்.'

கையை உயர்த்தினேன். அரை மணி நேர இடைவேளை கேட்டேன்.

தலைவருக்குப் புரியவில்லை. "காலமை வேண்டாம் எண்டியள்."

"ஓம். பிழை விட்டிட்டன். குறிப்பு எழுதுறவவுக்கு ஆறு மணித்தியாலம் முடியுது."

தலைவர் அவர் பக்கம் திரும்பினார். அவர் தலையை நிமிர்த்தி, "பறவாயில்லை, என்னாலை ஏலும்" என்றார். வேறென்ன சொல்லுவார்? நாங்களும் அதைத்தான் சொல்லுவோம்.

"அவ ஏலும் எண்டுறா," என்றார் தலைவர்.

"அவவுக்கு ஏலும். சட்டத்துக்கு ஏலாது."

பதினோராவது ஆள் மேலங்கியோடு எழுந்து என்னை முறைத்துப் பார்த்தார். குடலிறக்கம் இல்லாதவருக்கும் அப்படிப் பார்த்தால் அது வந்துவிடும். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, தோளை உயர்த்தி, போய்விட்டார். குறிப்பில் இப்படி இருக்கிறது: கூட்டம் 2.47 முதல் 3.17 வரை நிறுத்தப்பட்டது. காரணம் எழுதப்படவில்லை. அந்த வரியை எழுதியவுடன் குறிப்பு எழுதும் பெண் எழுந்த வேகத்தைப் பார்த்தால் காரணம் கேட்கத் தேவையில்லை.

எங்கள் பாராளுமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் ஒருவர் வர முடியாமல் போனால், மற்றப் பக்கத்தில் ஒருவர் வாக்களிக்காமல் இருந்து சரிக்கட்டுவார். முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியது. நான் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் பண்ணைக்காரரைப் பிடித்தேன்.

"எங்கடை ஆள் டெர்மினுக்குப் போட்டார். நீங்கள் ஒருக்கால் வெளியிலை நிப்பியளோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிஸ்டர், நீங்கள் இடைவேளை கேட்டது சரி. என்ரை பண்ணையிலை பொடியளை ஆறு மணித்தியாலம் இடைவேளை இல்லாமல் விட்டா யூனியன்காரர் வாசல்லை நிப்பினம். உங்களைப் போல ஆக்கள்தான்."

"அப்ப நிப்பியள்?"

"இல்லை. பிரேரணை பிழை. சின்ன ஆஸ்பத்திரியள் தாங்காது. நான் உள்ளுக்கை வந்து கை தூக்குவன்." பிறகு, அநியாயம் செய்துவிட்டது போல, தன் தட்டிலிருந்த கறிச்சோஸ் சொசேஜில் பாதியை என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

3.17க்குக் கூட்டம் தொடர்ந்தது. சிறிய மேசையில் போத்தல் முக்கால்வாசி காலி. 3.41க்கு வாக்கெடுப்பு: ஆதரவு பத்து, எதிர்ப்பு பத்து. வாக்குகள் சமமானால் பிரேரணை தோற்றது என்று விதி. பத்தாவது எதிர்ப்புக் கை மிகப் பெரியது, கண்ணியமாக என் கண்ணைப் பார்த்தே உயர்ந்தது.

மாலை ரயிலில், டோர்ட்முண்ட் தாண்டியதும், பழைய வார்ட்டுத் தோழியை அழைத்தேன். இரவுப் பணிக்குக் கிளம்புமுன் ஆறு மணிக்கு அவர் எழுந்துவிடுவார்.

"சொல்லுங்கோ அக்கா. வெண்டிட்டியளோ?"

"இல்லை. பத்துக்குப் பத்து."

"பதினொண்டு இருக்கெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"ஒராள் டெர்மினுக்குப் போட்டார்."

"அவர் போக முதல் வாக்கெடுத்திருக்கேலாதோ?"

"ஏலுமாயிருந்தது. நான்தான் பிறேக் கேட்டன்."

"ஆருக்குப் பிறேக்?"

"குறிப்பு எழுதுற பிள்ளைக்கு. காலமையிலையிருந்து தண்ணி குடிக்கேல்லை. அவவின்ரை பிறேக்கை வெட்டினதும் நான்தான்."

தொடர்பு அறுந்ததோ, ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டதோ என்று வெளியே பார்த்தேன். அந்தப் பாதையில் சுரங்கம் இல்லை.

"விசர் அக்கா," என்றார் கடைசியில். "எங்கடை பிறேக்கைக் குடுத்து அவவுக்குப் பிறேக் வாங்கியிருக்கிறியள்."

"கோவமோ?"

"கோவம்தான். மூண்டு தரம் சலக்கடுப்பு வந்தது எனக்கெல்லோ." பிறகு சிரிப்பை அடக்குவது கேட்டது. "அவ பிறகு குடிச்சவவோ?"

"முக்காப் போத்தில்."

"ம். ஒராளாவது குடிச்சிருக்கு."

குழு சொன்னது வெறும் சிபாரிசுதான், ஏப்ரலில் முழுச் சபையிலும் வாக்கெடுப்பு இருக்கிறது, அங்கே எங்கள் பக்கத்துக்கு ஆள் அதிகம் என்று சொன்னேன்.

"ஆள் கூடவோ, கதிரையிலை இருக்கிற ஆள் கூடவோ?"

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து ஏப்ரல் பக்கத்தைத் திறந்தேன்.

"எத்தினை மணிக்கு?"

"பத்து."

"சரி. நாங்கள் ஆறு பேர் டியூட்டி முடிச்ச கையோடை நேரை வாறம். மேலை கலரியிலை இருந்து, உங்கடை ஆக்களிலை ஆர் எழும்பி வெளியிலை போகினம் எண்டு எண்ணுறம். நீங்கள் ஒருத்தருக்கும் பிறேக் கேளாமல் இருங்கோ. இல்லாட்டி பிறேக்கைச் சரியான நேரத்திலை கேளுங்கோ."

"கலரியிலை சத்தம் போடேலாது, தெரியுமோ?"

"நாங்கள் எங்கை சத்தம் போடுறது. இருந்த உடனை நித்திரையாப் போவம்."

வீட்டுக்கு வந்தது 6.52. சோறு, பருப்பு, கத்தரிக்காய். படுத்தது 10.00.

மார்ச் 14, வியாழன். எழுந்தது 4.50. தேநீருக்கு முன்பே மேசையில் உட்கார்ந்து பார்வையாளர் கலரிக்கான விண்ணப்பத்தை நிரப்பினேன். ஆட்கள்: ஆறு. தொழில்: தாதி. 'விசேட தேவைகள்' என்ற கட்டத்தில் எழுதினேன்: இரவுப் பணி முடித்து நேரே வருகிறார்கள். கழிவறைக்குப் பக்கத்து வரிசை வேண்டும். தூங்கிவிட்டால் வாக்கெடுப்பு வரை எழுப்ப வேண்டாம்.